சிறையில் இருப்பவருக்காகக் குரல் கொடுப்பது எப்படி? மலையகத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பேசியதற்காக, எழுதியதற்காக, ஊர்வலம் போனதற்காக உள்ளே தள்ளப்பட்டவர்களை வெளியே எடுக்க நம்மால் என்ன செய்ய முடியும் என்று ஹட்டன், தலவாக்கலை, பதுளை, மாத்தளைப் பக்கங்களிலிருந்து பலரும் கேட்கிறார்கள். ஒரே கேள்வி பல வாயிலிருந்து வருவதால் பதில்களை எழுதி வைக்கிறோம். வழக்காடுவது சட்டத்தரணியின் வேலை. அவருக்கு வெளியே நின்று உறவினரும் அயலவரும் நண்பர்களும் செய்யக்கூடியவை மட்டுமே இங்கே இருக்கின்றன.

யாருக்காகக் குரல் கொடுப்பது? சிறையில் இருக்கிற எல்லாருக்குமா?

விடுதலை கேட்பது ஒரு விஷயம், நியாயமான விசாரணை கேட்பது இன்னொரு விஷயம். இரண்டாவது எல்லாருக்கும் உரியது, குண்டு வைத்தவருக்கும்கூட. முதலாவதை, வன்முறையில் இறங்காமலும் மற்றவரை அதற்குத் தூண்டாமலும் தன் கருத்துக்காக அடைபட்டிருப்பவருக்குக் கேட்கிறோம். இப்படிப்பட்டவரை மனச்சாட்சிக் கைதி என்பார்கள். 1961 மே மாதம் பீட்டர் பெனன்சன் என்ற லண்டன் வழக்கறிஞர் பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த சர்வதேச மன்னிப்புச் சபைதான் இந்தக் கோட்டைப் போட்டது. கோடு கண்டிப்பானது. நெல்சன் மண்டேலா ஆயுதப் போராட்டத்தை ஏற்ற பிறகு, 1964 வழக்கை ஒட்டி, அவரையே அந்தப் பட்டியலில் வைக்க மறுத்தார்கள். அதற்காக அவருக்கு நியாயமான விசாரணை வேண்டும் என்று கேட்பதை நிறுத்தவில்லை.

நம் நாட்டு உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. சஞ்சிகையில் எழுதியவற்றுக்காகப் பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்டில் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தார்கள். தமிழில் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியரை 2020 மே மாதம் கைது செய்தார்கள். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 இல் நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

நம் மலைகளுக்குள்ளேயே பாருங்கள். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த உடுப்பில் கப்பல் சுக்கான் படம் இருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்து, இரு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் (விசாரணை முடியுமுன் நீதிமன்ற உத்தரவில் சிறையில்) வைத்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்சி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரச ஊழியர், பேனையாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதினார். ஐந்து மாதம் பிணை கிடைக்கவில்லை. 2023 இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது.

அரசியல் கைதி என்று யாருமே இல்லை என்று அமைச்சர்மார் சொல்கிறார்களே?

எல்லா அரசாங்கமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அந்த வாதத்தில் இறங்கி நேரத்தைக் கழிக்காதீர்கள். கைதானவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த காரியம் என்ன, எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள், எவ்வளவு காலமாகிறது என்று கேளுங்கள்.

எங்க பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் நாளே என்ன செய்யணும்?

எந்தப் பொலிஸ், எந்தப் பிரிவு, எத்தனை மணி, வாகன இலக்கம், வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா சிவில் உடையில் இருந்தார்களா, என்ன காரணம் சொன்னார்கள். இவற்றை ஒரு கொப்பியில் அன்றைக்கே எழுதுங்கள். ஒரு வாரம் போனால் பக்கத்து லயத்துக்காரருக்கும் உங்களுக்கும் நேரம் ஒத்துப்போகாது, அதைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு பேசும்.

அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைது செய்தால், 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1996 ஆம் வருட 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 28 ஆவது பிரிவு. அறிவிக்காமல் விடுவது குற்றம். நீங்கள் அழைத்துக் கேட்டால்தான் அறிவித்தார்களா என்பது தெரியவரும்.

சாதாரணச் சட்டத்தில் பிடித்திருந்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. அதற்குக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் கெடு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஆகவே முறைப்பாட்டின் இலக்கத்தையும் தேதி முத்திரையையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம், 1982 இல் நிரந்தரமானது. அமைச்சர் கையொப்பமிடும் தடுப்புக்காவல் உத்தரவு மூன்று மாதத்துக்குச் செல்லும், பிறகு மூன்று மூன்று மாதமாக நீட்டலாம். முன்பு அதன் உச்சம் 18 மாதம், 2022 திருத்தத்துக்குப் பின் 12 மாதம். அது முடிந்தாலும் கதை முடிவதில்லை. அதன் பிறகு விளக்கமறியல் தொடங்குகிறது, அதற்குத்தான் வருடங்கள் போகின்றன. 12 மாதத்துக்குள் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம் என்பது 2022 திருத்தத்தில் வந்த உருப்படியான மாற்றம். தடுத்து வைத்திருக்கும் இடத்தை நீதவான் மாதந்தோறும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான்.

இந்தச் சட்டத்தை மாற்ற 2018 இலும் 2023 இலும் புதுச் சட்டமூலங்கள் வந்தன. இரண்டும் சட்டமாகவில்லை. 2024 தேர்தலில் வென்றவர்கள் இதை ஒழிப்போம் என்று விஞ்ஞாபனத்திலேயே எழுதியவர்கள். 2025 மார்ச்சில், இஸ்ரேலைக் கண்டித்து ஸ்டிக்கர் ஒட்டிய இளைஞர் ஒருவரை அதே சட்டத்தில்தான் பிடித்தார்கள். இரு வாரம் கழித்து விட்டார்கள். கடிதம் எழுதும்போது அந்த விஞ்ஞாபனத்தை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால்?

வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்தும் வேண்டாம், பெருவிரல் அடையாளமும் வேண்டாம். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. வற்புறுத்தினால், "தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று கையெழுத்துக்கு மேலேயே தமிழில் எழுதச் சொல்லி எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாதாரண வழக்கில் பொலிஸுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆவது பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் கொடுத்தது செல்லும். அது கட்டாயத்தில் வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை கைதியின் தலையில். நல்லரத்தினம் சிங்கராசா 1993 இல் கைதானவர், தமிழ் மட்டும் தெரிந்தவர். சிங்களத்தில் எழுதிய ஒப்புதலில் பெருவிரல் அடையாளம் வைத்தார். அது ஒன்றை ஆதாரமாக வைத்து 50 வருடம் தீர்ப்பானது, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 இல் அவர் பக்கம் நியாயம் சொன்னது. ஆனால் அந்தக் குழுவுக்குத் தனிநபர் முறையிட வழிவிட்ட ஒப்பந்தத்தை ஜனாதிபதி ஏற்றதே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006 இல் நம் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாங்கள் கடிதம் எழுதினால் கதவு திறக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரு கடிதத்துக்குத் திறக்காது.

ஆனால் கதவு எப்படி மூடியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வழக்குகளில் யாரும் தினமும் உட்கார்ந்து "இவரை விடக்கூடாது" என்று முடிவெடுப்பதில்லை. கோப்பு, அரசின் வழக்குகளை நடத்தும் சட்டமா அதிபர் திணைக்களத்தில் கிடக்கிறது. குற்றப்பத்திரம் தயாரிக்க ஆளில்லை, அறிக்கை வரவில்லை, தவணை போகிறது. "எல்லா அரசியல் கைதிகளையும் விடுதலை செய்" என்ற பதாகையை ஒரு அதிகாரி வாசித்துவிட்டுக் கடந்து போகலாம். "இன்னார், இன்ன தேதியில் கைதானவர், இன்ன வழக்கு இலக்கம், குற்றப்பத்திரம் இன்னும் இல்லை, ஏன்?" என்ற கேள்வி பத்து இடத்திலிருந்து வந்தால் யாராவது ஒருவர் அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்துப் பதில் எழுத வேண்டியிருக்கும். பொதுக் கோஷத்தால் ஒருவர் வெளியே வந்ததை நாங்கள் கண்டதில்லை. பெயரும் தேதியும் விடாமல் துரத்தியதால் வந்தவர்களைக் கண்டிருக்கிறோம்.

1973 இல் பிரேசில் இராணுவ ஆட்சி லூயிஸ் பசிலியோ ரோசி என்ற பேராசிரியரைப் பிடித்தபோது, உலகெங்கும் இருந்து அவர் பெயரைச் சொல்லி உடனடிக் கடிதங்கள் போயின. அவசர நடவடிக்கை என்று இன்று நடக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. திசைநாயகத்தின் பெயரை 2009 மே மாத உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டி அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா சொன்னார். அதற்குப் பிறகும் தண்டனை விழுந்தது, அதை மறைக்கக் கூடாது. 2010 ஜனவரியில் பிணை கிடைத்தது, அதே வருடம் மே 3 ஆம் தேதி, அதே பத்திரிகைச் சுதந்திர நாளில், மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அந்த நாளை அவர்கள் தற்செயலாகத் தேர்ந்திருக்க முடியாது.

உலகமே பேசியும் இழுபட்டவர்கள் உண்டு. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவுக்கு 2020 ஏப்ரலிலிருந்து 2022 பெப்ரவரி வரை ஆனது. அஹ்னாபுக்குப் பிணை கிடைக்க 19 மாதம், நிரபராதி என்று தீர்ப்பு வர 2023 டிசம்பர். மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை 2022 ஓகஸ்டில் பிடித்தார்கள். தெருவிலும் நீதிமன்றத்திலும் விடாமல் நின்றார்கள். 2023 ஜனவரி 31 இல் கொழும்புப் பிரதான நீதவான், பயங்கரவாதத் தடைச் சட்டம் அவர்மீது தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று சொல்லி அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். யாரும் பேசாத பெயர்களுக்கோ பத்து, பதினைந்து வருடம் என்று போயிருக்கிறது.

கடிதத்தில் என்ன எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஏசக் கூடாது. வாசிப்பவர் ஒரு எழுதுவினைஞராக இருக்கலாம், அவர் மேலதிகாரிக்கு என்ன குறிப்பு வைப்பார் என்று யோசித்து எழுதுங்கள். ஒரு மாதிரி:

"கனம் ஐயா, தலவாக்கலைப் பிரதேசத்தில் வசிக்கும் இன்னார் இந்தத் தேதியில் இந்தப் பொலிஸ் பிரிவினரால் கைது செய்யப்பட்டார். இந்த இலக்கத் தடுப்புக்காவல் உத்தரவின் கீழ் வைக்கப்பட்டு, இப்போது இந்தச் சிறைச்சாலையில் இருக்கிறார். அவர்மீது இன்னும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படவில்லை. அவர் செய்தது கூட்டமொன்றில் உரையாற்றியது. அந்த உரையில் வன்முறைக்கு அழைப்பு இல்லை. அவரை உடனடியாக விடுவிக்குமாறும், அதுவரை தமிழ் தெரிந்த வைத்தியரையும் சட்டத்தரணியையும் சந்திக்க வசதி செய்யுமாறும் பணிவுடன் கேட்கிறேன். எடுத்த நடவடிக்கையை எனக்கு அறியத்தரவும்."

கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். பதில் கேட்காத கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். ஒரே வாசகத்தில் நூறு பிரதி போனால் அவற்றை ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள். தெரியாததை எழுத வேண்டாம். "சித்திரவதை செய்தார்கள்" என்று அவர் வாயாலோ சட்டத்தரணி மூலமோ கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒரு விவரம் பொய்யென்று காட்டிவிட்டால் மீதி ஒன்பதையும் குப்பையில் போடுவது அவர்களுக்குச் சுலபம்.

யாருக்கு அனுப்புவது?

ஜனாதிபதிச் செயலகம், நீதி அமைச்சர், சட்டமா அதிபர். பிரதி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் உங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும். எம்பிக்கு ஒரு காரியம் செய்ய முடியும்: நாடாளுமன்றத்தில் வாய்மூல விடைக்கான வினாவாகக் கேட்டால் பதில் ஹன்சார்ட்டில், அதாவது நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறும். "பார்த்துப் பேசுகிறேன்" என்று அவர் சொன்னால், வினாவாகக் கேட்பீர்களா என்று திரும்பக் கேளுங்கள்.

வெளிநாட்டுக்கு என்றால், 1991 இல் அமைத்த, எதேச்சாதிகாரத் தடுத்துவைப்புப் பற்றிய ஐ.நா. செயற்குழு இருக்கிறது. உள்ளூர் நீதிமன்றங்களில் எல்லா வழியும் பார்த்து முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. சிங்கராசா வழக்கில் அடைபட்ட வழி இதற்குத் தடையுமில்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அந்தக் கொப்பியில் ஒட்டுங்கள். பதில் தோட்டத்து முகவரிக்கு வந்தால் கந்தோரில் கிடந்து தாமதமாகிறது, பல நேரம் வேறு கண்கள் பட்ட பிறகுதான் கைக்கு வருகிறது. டவுனில் கடையோ வீடோ உள்ள நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கொடுப்பது நல்லது.

ஐரோப்பிய வரிச்சலுகையை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமா?

ஜிஎஸ்பி பிளஸ் சலுகை மனித உரிமை நிபந்தனைகளோடு வருவது. 2010 இல் நிறுத்தினார்கள், 2017 இல் திரும்பக் கொடுத்தார்கள். 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொல்லி, இந்தச் சலுகையையும் சேர்த்துப் பேசித் தீர்மானம் போட்டது. அடுத்த வருடமே திருத்தம் வந்தது. அழுத்தம் வேலை செய்கிறது.

ஆனால் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பது நம் தோட்டத்துப் பிள்ளைகள். சலுகை போனால் முதலில் வேலை போவது அவர்களுக்கு. ஆகவே "நிறுத்துங்கள்" என்று எழுத மாட்டோம். "கொடுத்த வாக்கை நிறைவேற்றினார்களா என்று கேளுங்கள், இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்" என்று எழுதுவோம். இதில் எங்களோடு முரண்படும் நண்பர்கள் உண்டு.

தோட்டத்தில் கையெழுத்துச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பெரட்டு நேரத்தில் (காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும்போது), கங்காணி பார்த்துக்கொண்டு நிற்கும்போது நீட்டாதீர்கள். கோயில் திருவிழாவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வீட்டுக்கு வீடு போய், என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசித்துக் காட்டி வாங்குங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். அட்டை இல்லாததற்காகவே கொழும்பில் சுற்றிவளைப்பில் அகப்பட்ட மகனை நினைத்துக்கொண்டு அந்தத் தாய் பேனையைக் கீழே வைத்துவிடுவார். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியபோது அதில் மலையகத்தாரும் இருந்தார்கள். பெயரும் ஊரும் போதும்.

ஆயிரம் கையெழுத்து பத்திரிகையில் படம் வர உதவும். காரியம் நடக்கப் பத்து நல்ல கடிதம் மேல்.

ஹட்டன் டவுனில் ஊர்வலம் போக அனுமதி வேண்டுமா?

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்படி, ஊர்வலம் தொடங்க ஆறு மணித்தியாலத்துக்கு முன் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு வேறாக அனுமதி. மல்லியப்பூச் சந்தியில் பாதையை மறிக்காமல் ஓரமாக நின்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. மழைக்கோட்டும் பிளாஸ்டிக் உறை போட்ட பதாகையும் கொண்டு போங்கள், இங்கே வானத்தை நம்ப முடியாது.

தொழிற்சங்கத் தலைவர்மார் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

பார்த்துக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். சம்பளப் போராட்டத்தில் பிடிபட்ட தொழிலாளிக்குச் சங்கத்துச் சட்டத்தரணி வருவார், சந்தா கட்டியவருக்கு அது உரிமை. ஆனால் கொழும்பில் கடையில் வேலை செய்த பையனோ, பல்கலைக்கழகத்தில் பேசிய பிள்ளையோ எந்தச் சங்கத்திலும் இல்லை. தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் கட்டாயம் சொல்லுங்கள், கடிதத் தாளில் கேட்டு வாங்குங்கள். ஒரே சங்கத்தின் கொடிக்குக் கீழே மட்டும் போய் நிற்காதீர்கள். மற்றச் சங்கத்துக்காரர் அன்றோடு விலகிவிடுவார்கள்.

இதெல்லாம் யாழ்ப்பாணத்துப் பிரச்சினை, நமக்கேன் என்கிறார் எங்கள் சித்தப்பா.

சித்தப்பாவிடம் பிரேஸ்கேர்டிலின் கதையைச் சொல்லுங்கள். 1936 இல் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தனம் (தோட்ட நிர்வாகம்) பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், தொழிலாளர் பக்கம் பேசினார். வேலை போனது. நாவலப்பிட்டியில் மேடையேறித் துரைமாரைப் பற்றிப் பேசினார். ஆளுநர் நாடு கடத்த உத்தரவு போட்டார். தலைமறைவானவரைப் பிறகு பிடித்தார்கள். ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அமைதியாகப் பேசியதற்காக ஒருவரை இப்படிப் பிடிக்க முடியாது என்று 1937 மே மாதம் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இன்று நாம் போடும் மனுக்களுக்கு மூத்த மனுக்களில் ஒன்று அது, அதன் வேர் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். அந்த வருடம் ஜூனில் இடதுசாரிகளான சமசமாஜக் கட்சித் தலைவர்கள் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரை விசாரணையில்லாமல் அடைத்தார்கள். கண்டி போகம்பறைச் சிறையில் இருந்தார்கள். 1942 ஏப்ரலில் சிறைக்காவலர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள் (இந்த வழிமுறையை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை). மலையகத் தமிழரின் வாக்குரிமை பறிபோன பிறகு 1952 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது.

கசப்பான பக்கமும் உண்டு. 2000 ஒக்டோபர் 25 காலையில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞரைக் கும்பல் ஒன்று தாக்கியது. 25 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அரசின் காவலில் இருந்தவர்கள் அவர்கள். தண்டனை பெற்றவர்களில் கடைசியாக எஞ்சியவர்களையும் 2005 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அடைபட்டிருப்பவரைப் பற்றி வெளியே யாருக்கும் அக்கறையில்லை என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் நம் மலையிலேயே பார்த்திருக்கிறோம்.

சிங்களத்திலும் எழுத வேண்டுமா?

கட்டாயம். சிங்களத்தில் பேசாத இயக்கம் கண்டியைத் தாண்டாது. தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தில் 1989 இல், ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில், மகனைக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்த தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடியோடு போகாமல் படத்தோடு போங்கள். 2022 செப்டெம்பரில் காங்கேசன்துறையிலிருந்து ஹம்பாந்தோட்டை வரை இந்தச் சட்டத்துக்கு எதிராகக் கையெழுத்து வண்டி போனபோது தமிழ்க் கட்சி இளைஞரும் சிங்கள மாணவரும் ஒரே மேசையில் நின்றார்கள். அப்படி நடக்காது என்று சொல்பவர்களுக்கு அதைக் காட்டலாம்.

குடும்பம் "வேண்டாம், சும்மா இருங்கள்" என்றால்?

சும்மா இருக்க வேண்டும். சட்டத்தரணி பிணைக்குப் பேசிக்கொண்டிருக்கும் வாரத்தில் தெருவில் சத்தம் போட்டால் கெடலாம். கைதியும் குடும்பமும்தான் எஜமானர். தாய் ஒன்று சொல்லி மனைவி வேறொன்று சொன்னால் கைதியிடமே கேட்டு வாருங்கள்.

பேஸ்புக்கில் படம் போடலாமா?

சம்மதம் இருந்தால் போடலாம். பிள்ளைகளின் படம் வேண்டாம். நீதிபதியைத் திட்டி எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு, 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் தலைக்கு மேல் நிற்கிறது. கைதியைக் காப்பாற்றப் போய் இன்னொரு கைதியாகாதீர்கள்.

ஜனாதிபதி மன்னிப்புக் கேட்பது நல்லதா?

அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவருக்கு உரியது. வழக்கே முடியாதவருக்கு அது இல்லை. அவருக்கு வேண்டியது சட்டமா அதிபர் குற்றச்சாட்டை மீளப்பெறுவது. இந்த வித்தியாசம் தெரியாமல் மன்னிப்புக் கேட்டு மனு எழுதி மாதங்களை வீணாக்கியவர்கள் பலர்.

2021 ஜூன் பொசன் நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் 16 பேர் வெளியே வந்தார்கள். அதே நாளில் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற அரசியல்வாதி துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்புக் கிடைத்தது. அவருடையதை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 16 பேரில் பலர் தண்டனைக் காலத்தை ஏறத்தாழ முடித்தவர்கள். வெசாக், பொசன், சுதந்திர தினத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கடிதங்கள் போய்ச் சேர வேண்டும். பட்டியல் அப்போதே தயாராகிவிடும்.

பெரிய ஆளைத் தெரியும், மூன்று இலட்சம் கொடுத்தால் எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர்.

கொடுக்காதீர்கள். இ.பி.எஃப். (சேமலாப நிதி) காசையும், காதுத் தோட்டை விற்ற காசையும் கொடுத்துவிட்டு அழுதவர்கள் உண்டு. சட்டத்தரணி கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு தராதவர் சட்டத்தரணியே இல்லை.

சிறைக்குப் போய்ப் பார்ப்பது, கடிதம் போடுவது?

கொழும்பு மகசின் சிறைக்கு ஒரு தடவை போய்வர ஒரு நாள் பெயரும் (சம்பளமும்) பஸ் காசும் போகிறது. இயக்கம் என்று பெரிதாகப் பேசுபவர்கள் முதலில் அந்தச் செலவை முறைவைத்துக் கொடுத்தால் நல்லது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 1989 இலிருந்து இங்கே தடுப்பிலுள்ளவர்களைப் போய்ப் பார்த்து வருகிறது, குடும்பத்தார் அவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். விளக்கமறியலில் இருப்பவருக்கு வீட்டுச் சாப்பாடும் உடுப்பும் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. காலையிலேயே வரிசையில் நில்லுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

கடிதம் சிறை அதிகாரி வாசித்த பிறகுதான் உள்ளே போகும். வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். கொழுந்து விலை, யார் வீட்டில் கல்யாணம், காமன்கூத்தில் யார் ரதி வேஷம் போட்டார்கள் என்று எழுதுங்கள். வெளியிலிருந்து கடிதம் வரும் கைதியை உள்ளே சற்றுக் கவனமாக நடத்துகிறார்கள் என்று வெளியே வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு நாட்டுக் கைதிகளுக்கு நாங்கள் ஏன் எழுத வேண்டும்?

மன்னிப்புச் சபையின் ஆரம்பக் குழுக்கள் மூன்று கைதிகளைத் தத்தெடுத்தன: மேற்கிலிருந்து ஒருவர், கம்யூனிச நாட்டிலிருந்து ஒருவர், மூன்றாம் உலகிலிருந்து ஒருவர். பக்கச்சார்பு என்று யாரும் சொல்ல முடியாதபடி. ஈரானில் நர்கிஸ் முகமதிக்கு 2023 இலும், பெலாரஸில் அலெஸ் பியாலியாட்ஸ்கிக்கு 2022 இலும் சிறையில் இருக்கும்போதே நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்டவர்களுக்காக நுவரெலியாவிலிருந்து ஒரு கடிதம் போனால், நாளை நம் பெயருக்காக அங்கிருந்து எழுத ஆள் கிடைக்கும். பயந்த சுபாவமுள்ளவர்களுக்கு இது நல்ல தொடக்கமும்கூட, இதற்காக யாரும் உங்கள் வீட்டுக்கு வர மாட்டார்கள்.

வெளியே வந்த பிறகு?

பிணையில் வந்தவர் மாதாமாதம் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அந்த நாளில் யாராவது கூடப் போங்கள். புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்தால் பெயரையும் பிரிவையும் கேட்டு எழுதிவைத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். முடக்கிய வங்கிக் கணக்கு, பறித்த கைத்தொலைபேசி, காலாவதியான அடையாள அட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம் வேண்டும். மேடை போட்டு மாலை போட முதலில் அவரிடம் கேளுங்கள், பலர் விரும்புவதில்லை. இணையத்தில் போட்ட படங்களை எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கடிதம் எழுதியவர்கள் எல்லாருக்கும் ஒரு வரி அறிவியுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். அதோடு அடுத்தவரின் பெயரையும் கொடுத்துவிடலாம்.